முதுகுவலி, இ.எஸ்.ஆர் 98, ஹீமோகுளோபின் 9.8: வயதுதான் காரணமா?

தாழ்வாரம் (கேள்வி)

அப்பாவுக்கு வயது 71. மூன்று மாதமாக நடுமுதுகிலும் இடுப்புக்குச் சற்று மேலேயும் வலி. படுத்தாலும் குறைவதில்லை, இரவில் புரளும்போது சுளீர் என்கிறது. காய்ச்சல் இல்லை. எடை 4 கிலோ இறங்கியிருக்கிறது. எக்ஸ்-ரே அறிக்கையில் "வயது சார்ந்த தேய்மானம், எல்-1 முள்ளெலும்பு லேசாகச் சப்பை" என்று இருக்கிறது.

ரத்தத்தில்: ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி 94, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரி. இ.எஸ்.ஆர் 98. சி.ஆர்.பி லிட்டருக்கு 4 மி.கி. கிரியேட்டினின் 1.6 (போன வருடம் 1.1). மொத்தப் புரதம் 9.4, ஆல்புமின் 3.2. கால்சியம் 10.3, இது நார்மல் எல்லைக்குள். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 82, அதுவும் நார்மல். சிறுநீர்ப் பட்டையில் புரதம் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இரண்டு வேளை, எட்டு வாரமாக. இரும்புச்சத்து மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? சிறுநீரில் புரதம் இல்லை, எலும்பு என்சைம் நார்மல் என்பதால் சிறுநீரகமும் எலும்பும் நன்றாக இருக்கின்றன என்று கொள்ளலாமா? அடுத்து என்ன பரிசோதனை?

---

நுண்ணாடி

இந்த ரிப்போர்ட்டில் அச்சாகாத எண் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். மொத்தப் புரதம் 9.4, ஆல்புமின் 3.2. கழித்தால் குளோபுலின் 6.2. இது வழக்கமாக டெசிலிட்டருக்கு 2-லிருந்து 3.5 கிராமுக்குள் இருக்கும். 4-ஐத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டும், 6.2 என்பது நிச்சயமாக விளக்கம் தேவைப்படும் அளவு. பல ஆய்வகங்கள் குளோபுலினைத் தனி வரியாகப் போடுவதில்லை. மொத்தப் புரதத்துக்கு எதிரே ஒரு சின்ன மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

குளோபுலின் ஏறுவது இரண்டு விதம். நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், தன்னுடல் தாக்கு நோய் போன்றவற்றில் பல வகை எதிர்ப்பொருள்கள் ஒன்றாகக் கூடும். மற்றது, எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரே ஒரு பரம்பரை மட்டும் பெருகி ஒரே அச்சில் வார்த்த புரதத்தைக் கொட்டுவது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சீரம் புரத எலக்ட்ரோபோரசிஸ். முதல் வகையில் வரைபடத்தின் காமா பகுதி மேடாகப் பரந்து நிற்கும். இரண்டாவதில் ஊசிமுனைபோல ஒரு கூர் எழும்பும்.

இ.எஸ்.ஆருக்கு வருவோம். வயதானவர்களுக்கு அது கொஞ்சம் கூடுவது இயல்பு. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்று தோராயமான மேல் எல்லை வைத்துக்கொள்ளலாம். 71-க்கு அது 35 அல்லது 36. எனவே 98-ஐ வயதின் கணக்கில் எழுத முடியாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சி.ஆர்.பி 4 என்பது. சி.ஆர்.பி-யைக் கல்லீரல் அழற்சிக்கு எதிர்வினையாகச் சுரக்கிறது, சில மணி நேரத்திலேயே ஏறும். இ.எஸ்.ஆர் என்பது சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாக இறங்குகின்றன என்ற அளவு மட்டுமே. ரத்தத்தில் புரதம் மிகுந்தால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு கனமாகி விரைவாக இறங்கும். ரத்தசோகையும் அந்த வேகத்தைக் கூட்டும். இ.எஸ்.ஆர் எகிறி, சி.ஆர்.பி அமைதியாக இருந்தால் எங்கள் பக்கம் முதலில் புரதத்தைத்தான் சந்தேகிப்போம். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்தால் அந்தக் காசு அடுக்கு தெரியும். இயந்திரம் அச்சடிக்கும் எண்களில் அது வராது. "பூச்சைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

எம்.சி.வி 94 என்றால் சிவப்பணுக்களின் அளவு இயல்பானது. இரும்புக் குறை முற்றினால் அவை சிறுத்திருக்கும். இரும்பு மாத்திரை வேலை செய்யாததில் வியப்பில்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கால்சியம் 10.3 நார்மல் என்பதை அப்படியே நம்பாதீர்கள். கால்சியத்தில் பாதிக்கு அருகில் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியம் பொய்யாகக் குறைந்து தெரியும். 4-லிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 10.3 + 0.64. ஏறத்தாழ 10.9. பெரும்பாலான ஆய்வகங்களின் மேல் எல்லையை அது தாண்டிவிட்டது.

சிறுநீர்ப் பட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பட்டை ஆல்புமினுக்குத்தான் நிறம் மாறும். எதிர்ப்பொருளின் பகுதிகளான, தனியாகத் திரியும் லேசான சங்கிலிகள், அதாவது பென்ஸ் ஜோன்ஸ் புரதம், கிராம் கணக்கில் வழிந்தாலும் பட்டை "இல்லை" என்றே காட்டும். ஆய்வகத்தில் வேதிமுறையில் சிறுநீரின் மொத்தப் புரதத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டையில் இல்லை, ஆய்வகத்தில் நிறைய இருக்கிறது என்ற முரண் வந்தால் அதுவே ஒரு விடை.

கேட்க வேண்டியவை: சீரம் எலக்ட்ரோபோரசிஸ், இம்யூனோஃபிக்சேஷன் (அந்தப் புரதம் எந்த வகை என்று சொல்வது), சீரம் ஃப்ரீ லைட் செயின் (தனியாகத் திரியும் லேசான சங்கிலிகளின் அளவு). மூன்றையும் ஒரே ரத்தத்தில் எடுத்துவிடலாம், வெறும் வயிறு தேவையில்லை. எலக்ட்ரோபோரசிஸ் மட்டும் செய்து "கூர் இல்லை" என்று முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிலருக்கு லேசான சங்கிலிகள் மட்டுமே உற்பத்தியாகும். அவை சீரத்தில் தங்காமல் சிறுநீரில் போய்விடுவதால் வரைபடம் சமதளமாக இருக்கும். கூடவே ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.ஏ, ஐ.ஜி.எம் என்ற எதிர்ப்பொருள் வகைகளின் அளவுகள், அயனிக் கால்சியம் (புரதத்தில் ஒட்டாத கால்சியம்), எல்.டி.எச், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்.

24 மணி நேரச் சிறுநீர் கேட்டால் முதல் நாள் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் சேகரித்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். முதல் சிறுநீரையும் சேர்த்துவிடுவதும், நடுவில் ஒரு முறை மறந்துவிடுவதும்தான் வழக்கமான பிழைகள். இரண்டாலும் கணக்கு கெட்டுவிடும்.

---

பொதுமருத்துவம்_கா

நுண்ணாடி சொன்னதில் ஒரு திருத்தம். ஆல்புமினை வைத்துக் கால்சியத்தைத் திருத்தும் சூத்திரம், ரத்தத்தில் வேற்றுப் புரதம் நிறைந்திருக்கும்போது தடுமாறும். அந்தப் புரதமே சிலரிடம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீர்ப்புச் சொல்வது அயனிக் கால்சியம்தான். அதைக் கட்டாயம் எடுங்கள்.

நோயின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வருவது உங்களுக்கு உதவாது. மூப்பில் விடாத முதுகுவலி, ரத்தசோகை, ஏறும் கிரியேட்டினின், எகிறிய குளோபுலின், மேலே போகும் கால்சியம் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மல்டிபிள் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோயை இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே நடத்த வேண்டும். இது இன்னும் நோயறிதல் இல்லை. ஆனால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விடும் நிலையும் இல்லை. ரத்தநோய் மருத்துவரைச் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும்.

என் பெரிய கவலை சிறுநீரகம். 70 வயதில் கிரியேட்டினின் 1.1 என்றால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 72 மி.லி.-க்கு அருகில். 1.6 என்றால் சுமார் 46. ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. லேசான சங்கிலிகள் சிறுநீரக நுண்குழாய்களில் உறைந்து அச்சுபோல அடைத்துக்கொள்ளும். உடலில் நீர் வற்றினாலும், கால்சியம் ஏறினாலும், வலி மாத்திரை விழுந்தாலும் அந்த அடைப்பு வேகமெடுக்கும். உங்கள் அப்பாவிடம் வலி மாத்திரையின் தாக்கம் இரட்டிப்பாகிறது. டைக்ளோஃபெனாக் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. போதாததற்கு தயசைடு, சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கவும் செய்யும்.

ஆகவே டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஐபுப்ரொஃபென், நாப்ராக்சென், அசெக்ளோஃபெனாக் என்று மாற்றுவது தீர்வாகாது, எல்லாம் ஒரே குடும்பம். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைத் தருகிற மருத்துவரிடம் இன்றே கிரியேட்டினினையும் கால்சியத்தையும் சொல்லி மாற்று கேளுங்கள். இதயச் செயலிழப்பு, கால் வீக்கம் போன்றவை இல்லையென்றால் நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவுக்கு நீர் குடிக்கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. முதல் 1 கிராம்வரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல். எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. போதாவிட்டால் மருத்துவர் வலுவான வலி நீக்கி எழுதுவார். அப்போது வடிகட்டும் திறன் 46 என்று நினைவூட்டுங்கள். மார்ஃபினும் கோடீனும் சிதைந்து வரும் பொருள்கள் பழுதான சிறுநீரகத்தில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றில் உறுதியாக இருங்கள்: நோயறிதல் முடியும்முன் வலிக்கு என்று பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்க விடாதீர்கள். இந்த நோய்க்கான சிகிச்சையில் ஸ்டீராய்டும் ஒரு பகுதி. அரைகுறையாகக் கொடுத்தால் வலி அடங்கும், புரதம் இறங்கும், படம் மங்கிவிடும். தண்டுவடம் நசுங்கும் அவசரம் மட்டும் விதிவிலக்கு.

எக்ஸ்-ரேயைப் பற்றி: எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்-ரேயில் ஓட்டை தெரியும். "தேய்மானம்" என்ற சொல் 70 வயதில் யார் படத்திலும் வரும், அதை வைத்து வலியை விளக்கிவிட முடியாது. எல்-1 சப்பையானதற்கு எலும்புப்புரை காரணமாக இருக்கலாம் என்பார்கள். ஆனால் வெறும் எலும்புப்புரை முறிவில் ரத்தப் பரிசோதனைகள் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். எலும்புப்புரை ஹீமோகுளோபினைக் குறைக்காது, குளோபுலினைக் கூட்டாது.

ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நார்மலாக இருப்பதும் ஆறுதல் தரக்கூடியதில்லை. அந்த என்சைம் எலும்பு கட்டும் செல்களிடமிருந்து வருகிறது. மைலோமாவில் எலும்பு கரைப்பு நடக்கும், கட்டும் வேலை முடங்கிக் கிடக்கும். அதனால் என்சைம் ஏறாது. இதே காரணத்தால் ஐசோடோப்பு எலும்பு ஸ்கேனும் ஏமாற்றும். முழுத் தண்டுவட எம்.ஆர்.ஐ., அல்லது குறைந்த கதிர்வீச்சு முழு உடல் சி.டி., அல்லது பெட்-சி.டி.தான் கேட்க வேண்டியது. சாயம் ஏற்றுவதாக இருந்தால் கிரியேட்டினினை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

நடைபழகு

பரிசோதனை முடிவு வரும்வரை முதுகை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பலருக்கு அங்கேதான் சேதம் நடக்கிறது.

எலும்பு கரைந்திருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை சொடக்கு எடுப்பது, முதுகை முறுக்குவது, ஏறி மிதிப்பது, அழுத்தி மசாஜ், இழுவைச் சிகிச்சை எதுவும் கூடாது. முன்பக்கம் குனியும் பயிற்சிகளும் வேண்டாம். முள்ளெலும்பின் முன்பகுதிதான் முதலில் நொறுங்கும், குனியும்போது பாரம் நேராக அங்கே விழுகிறது. கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமென்றால் வேறு யாராவது எடுக்கட்டும்.

படுக்கையிலிருந்து எழுவதற்கு: முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரள வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நேராக எழுந்து உட்கார முயல்வதுதான் அந்தச் சுளீர் வலியைக் கிளப்புகிறது. மெத்தை ரொம்பக் குழைவாக இருந்தால் புரள்வது கடினம்.

அதற்காகப் படுக்கையிலேயே கிடக்கவும் கூடாது. அசையாத உடலில் எலும்பு இன்னும் வேகமாகக் கால்சியத்தை ரத்தத்தில் விடும், கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். வீட்டுக்குள் தட்டுத்தடங்கல் இல்லாத தரையில், கைத்தடியோடு, ஐந்து பத்து நிமிடமாகப் பலமுறை நடக்கலாம். இடுப்புப் பட்டையைப் படம் பார்த்த மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

இரவோ பகலோ பார்க்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: கால்களில் புதிதாகப் பலவீனம், நடை தள்ளாடுவது, சிறுநீர் முட்டியும் போகாமல் இருப்பது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமை, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும் வலி. இவை தண்டுவடமோ அதன் அடியிலுள்ள நரம்புக் கற்றையோ நசுங்குவதைக் காட்டும். அங்கே போய் "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். "மைலோமா சந்தேகம், கால் பலவீனம் புதிது" என்று சொல்லுங்கள். கால் செயலிழக்கும்முன் சிகிச்சை தொடங்கினால்தான் நடை மிஞ்சும். தாங்க முடியாத தாகம், மலச்சிக்கல், உளறல், தூக்கக் கலக்கம் என்றால் கால்சியம் ஏறுகிறது. பார்வை மங்கல், மூக்கில் ரத்தம், தலைவலி என்றால் ரத்தம் குழம்பாகியிருக்கலாம். இரண்டும் அவசரமே.

---

நுண்ணாடி

இதைத் தேடி வந்து படிக்கும் வேறு சிலருக்காக ஒரு குறிப்பு. எல்லா முதுகுவலி ரிப்போர்ட்டும் இப்படி இருக்காது. எண்களின் சேர்க்கை மாறினால் பாதை மாறும்.

இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் முள்ளெலும்புத் தொற்றை நினைக்க வேண்டும், குறிப்பாகச் சர்க்கரை நோய், டயாலிசிஸ், சிறுநீர் போகப் பொருத்திய குழாய், சமீபத்திய ரத்தத் தொற்று உள்ளவர்களிடம். காய்ச்சல் இல்லாமலும் வரும், வெள்ளணுக்கள் இயல்பாகவும் இருக்கும். நோயாளி நிலையாக இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும்முன் குறைந்தது இரண்டு செட் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். முன்னதாகவே மாத்திரை விழுந்தால் கிருமி வளராது, பிறகு எந்த மருந்து என்று தெரியாமல் வாரக்கணக்கில் தடுமாற வேண்டியிருக்கும். தண்டுவடக் காசநோய் இன்னும் மெதுவாக வரும்.

ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறியிருந்தால் முதலில் ஜி.ஜி.டி என்ற கல்லீரல் என்சைமைப் பாருங்கள். அதுவும் கூடியிருந்தால் மூலம் பெரும்பாலும் கல்லீரல் பக்கம். ஜி.ஜி.டி இயல்பாக இருந்தால் எலும்பு: கால்சியம், பாஸ்பேட் குறைந்து, வைட்டமின் டி மிகவும் தாழ்ந்து, பி.டி.எச் (பாராதைராய்டு ஹார்மோன்) ஏறியிருந்தால் எலும்பு மென்மை நோய். மற்றவை இயல்பாக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால் பேஜட் நோய் (எலும்பு தாறுமாறாகக் கரைந்து கட்டப்படும் நோய்) இருக்கலாம். ஆண்களுக்கு இதோடு புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ என்ற புரதமும் ஏறியிருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதா என்று பார்க்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாதக்கணக்கில் சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ ஏறத்தாழ பாதியாகக் காட்டும், இரட்டிப்பாக்கிப் படியுங்கள்.

தோளும் இடுப்பும் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைத்து, இரண்டு அழற்சி அளவுகளும் ஏறினால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயாக இருக்கலாம். கூடவே புதுத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வைக் குறை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண் போய்விடும்.

---

தாழ்வாரம்

டைக்ளோஃபெனாக் நிறுத்தியாயிற்று, தயசைடையும் மருத்துவர் எடுத்துவிட்டார். முடிவுகள் வந்தன: காமா பகுதியில் கூர், 4.1 கிராம். இம்யூனோஃபிக்சேஷனில் ஐ.ஜி.ஜி கப்பா. லேசான சங்கிலியின் இரு வகைகளில் கப்பா 420, லாம்ப்டா 9, விகிதம் 46.7. எம்.ஆர்.ஐ-யில் எல்-1-லும் டி-9-லும் புண்கள், தண்டுவடம் நசுங்கவில்லை. இது உறுதியா? எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை இன்னும் தேவையா? இதே புரதம் இருந்தும் நோய் இல்லாதவர்கள் உண்டு என்று எங்கோ படித்தேன்.

---

பொதுமருத்துவம்_கா

உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இப்படி ஒரு புரதம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களிடம் அது 3 கிராமுக்குக் கீழே இருக்கும், மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்கும் கீழே, எலும்போ சிறுநீரகமோ ரத்தமோ கெட்டிருக்காது. ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு அது நோயாக மாறும் என்பதால் கண்காணிப்பு மட்டும் போதும். உங்கள் அப்பாவிடம் 4.1 கிராம், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே, எலும்பில் புண். அந்த வகையில் இவரைச் சேர்க்க முடியாது.

மஜ்ஜைப் பரிசோதனை தேவை. பிளாஸ்மா செல்கள் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று காட்டினால்தான் (அல்லது ஒரு புண்ணிலிருந்து எடுத்த திசு காட்டினால்தான்) நோயறிதல் முழுமையாகும். அதே மாதிரியில் குரோமோசோம் மாற்றங்களையும் பார்ப்பார்கள், சிகிச்சைத் திட்டம் அதைப் பொறுத்தது. இடுப்பெலும்பின் பின்மேட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பது. மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் மட்டும் இழுத்துப் பிடிப்பதுபோல் வலிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் முன்னதாகச் சொல்ல வேண்டும். முதல் உறிஞ்சலில் வரும் மஜ்ஜைதான் செல் எண்ணிக்கைக்கு நம்பகமானது, பின்னால் வருவதில் ரத்தம் கலந்துவிடும்.

எலும்பைக் காக்க சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து தருவார்கள். அது தொடங்கும்முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி ஆற விட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் திறந்தே கிடக்கும் அபாயம் உண்டு. கிரியேட்டினினைப் பார்த்து அதன் அளவைக் குறைப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறதோ அத்தனையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்து, தேதியோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும். குளோபுலின் எந்த ஆண்டிலிருந்து ஏறத் தொடங்கியது, சிறுநீரகம் அதற்கு முன்பே இறங்கியதா பின்பா என்பதை ரத்தநோய் மருத்துவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.